சாக்பீஸ் வண்டி

நான் போனபோது பெரியவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டிதான் அங்கே இல்லை. பால் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் பழைய தலையணை ஒன்றை வைத்து உட்கார்ந்திருந்தார். விளக்குமாற்றுக் கட்டை ஒன்றை நெஞ்சுக்கு எதிரே சாய்த்துப் பிடித்திருந்தார். இடது கால் ஒரு மரத்துண்டை மிதித்து மிதித்து விட்டது. அது கிளட்ச். ஷெட்டின் சிமெண்ட் தரை முழுக்க சாக்பீஸ் கோடுகள்.

"உள்ளே வாருங்கள். கோட்டை மட்டும் மிதித்துவிடாதீர்கள்" என்றார்.

தெற்குக் கலிஃபோர்னியாவில் போமோனாவை ஒட்டிய ஊர் அது. வடக்கே பார்த்தால் சான் கேப்ரியல் மலை வெறும் பாறையாக நிற்கிறது. பெரியவர் என் மச்சானுக்கு எதிர்வீடு. "மாப்ளே, எங்க எதிர்வீட்டுத் தாத்தா காயலாங்கடைச் சாமானை வெச்சு ஒரு கார் கட்டப்போறாராம். நீ வந்து பாரு, உனக்கு ஒரு கட்டுரை தேறும்" என்று மச்சான் போனில் சொன்னதை நம்பித்தான் வந்திருந்தேன். பட்டறைப் புகையும் வெல்டிங் பொறியும் இருக்கும் என்று நினைத்து வந்தவனுக்குக் கிடைத்தது, ஒரு கிழவர் தரையில் கோலம் போட்டு வைத்திருந்த காட்சி.

சுவரைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இறைச்சிக் கடையில் மடித்துத் தரும் பழுப்புத் தாளை நீளமாக ஒட்டி, அதில் காரின் பக்கத் தோற்றத்தை அசல் அளவிலேயே வரைந்திருந்தார். சக்கரம் நிஜச் சக்கரத்தின் அளவு. அதில் உட்கார்ந்திருக்கும் மனித உருவம் அவருடைய அளவு. வேண்டுமென்றே தொந்திகூட வரைந்திருந்தார். வேலையில் இருந்த காலத்தில் விமான உதிரிபாகங்கள் கடையும் ஆலையில் லேத் பிடித்தவர். அளவு என்றால் அளவுதான்.

அவர் கட்டப்போவது ஹாட் ராட் ரோட்ஸ்டர். பழைய காரிலிருந்து வேகத்துக்கு உதவாததையெல்லாம் கழற்றி வீசிவிட்டு, வேறொரு காரின் வலுவான எஞ்சினை உள்ளே வைத்தால் அது ஹாட் ராட். நிலையான கூரையும், ஏற்றி இறக்கும் பக்கக் கண்ணாடியும் இல்லாத திறந்த கார் ரோட்ஸ்டர். மழை வந்தால் நனைய வேண்டியதுதான். இந்தப் பக்கத்தில் மழை அபூர்வம் என்பதாலோ என்னவோ, இந்தப் பழக்கம் வளர்ந்ததும் இங்கேதான். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் வற்றிப்போன ஏரிகள் பல உண்டு. படுகை பலகைபோலக் கெட்டியாகக் கிடக்கும். 1930களில் இளவட்டங்கள் மட்கார்டைக் கழற்றிவிட்டு மியூராக் ஏரிப் படுகையில் வண்டிகளை விரட்டினார்கள். நேரம் குறிக்க ஒழுங்கு வேண்டும் என்று 1937-ல் பல கிளப்புகள் சேர்ந்து சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷனைத் தொடங்கின. மியூராக்கை ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்று அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். பந்தயம் எல் மிராஜ் என்ற இன்னொரு படுகைக்குப் போய், இன்னும் அங்கே நடக்கிறது.

ஷெட்டின் மூலையில் பெரியவரின் மூலதனம் இருந்தது. 1929 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டரின் உடல், அடிப்பகுதியில் துருவேறி வலைபோல ஆகிவிட்டது. அதே காரின் சேசிஸ், சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. முன் ஆக்சில் ஒன்று. 1940 ஃபோர்டின் பிரேக் டிரம்கள் ஒரு ஜோடி. பின் ஆக்சில் 1970களின் ஃபோர்டு மேவரிக்கிலிருந்து வந்தது. கியர்பாக்ஸ் செவ்ரோலே எஸ்-10 பிக்கப்பினுடையது. எஞ்சின் இன்னும் கிடைக்கவில்லை.

"ஒன்றுக்கொன்று ஐம்பது வருஷ வித்தியாசம். இதெல்லாம் எப்படி ஒட்டும்?" என்றேன்.

"அதற்கு ஹென்றி ஃபோர்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அவ்வளவு பிடிவாதக்காரர்!" என்று சிரித்தார்.

அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க, ஹாட் ராட் என்ற கலைக்கே வேர் அந்தப் பிடிவாதம்தான் என்று தோன்றியது. 1908-ல் வந்த மாடல் டி-யில் வண்டியின் குறுக்கே, இடவலமாக, ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங்கை முன்னால் வைத்தார் ஃபோர்டு, பின்னால் இன்னொன்று. மற்ற கம்பெனிகள் எப்போதோ வேறு ஏற்பாடுகளுக்குப் போய்விட்டன. இவர் அசையவில்லை. மாடல் ஏ-யிலும் அதே ஸ்பிரிங். 1932-ல் வந்த வி8-இலும் அதேதான். போட்டிக் கம்பெனிகள் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறி வருஷங்கள் ஆகியும், கம்பியை இழுத்து நிறுத்தும் பிரேக்கையே வைத்திருந்தவர் 1939 மாடலில்தான் இறங்கி வந்தார். 1947-ல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு ஜூனில் வெளியான 1949 மாடலில்தான் குறுக்கு ஸ்பிரிங் போயிற்று. வாடிக்கையாளர்களுக்கு அது நாற்பது வருஷத் தலைவேதனையாக இருந்திருக்கும். காயலாங்கடையில் சாமான் பொறுக்கிய பையன்களுக்கோ அது வரம். 1940 காரின் பிரேக்கை 1929 காரின் ஆக்சிலில் கொஞ்சம் கடைந்து, கொஞ்சம் ராவி மாட்டிவிடலாம். பெரிய எஞ்சினைச் சின்ன காரில் இறக்கலாம். ஒரே குடும்பத்துப் பிள்ளைகளின் சட்டை மாதிரி, அண்ணனுடையது தம்பிக்குச் சேர்ந்தது. மாடல் ஏ மட்டும் 48 லட்சத்துக்கும் மேல் விற்றதால் சாமானுக்கும் பஞ்சமில்லை.

ஆக, கண்டதை ஒட்டுப்போடும் வேலை என்று நான் நினைத்திருந்தது தப்பு. எந்த வருஷத்துச் சாமான் எந்த வருஷத்தோடு சேரும் என்ற உறவுமுறை தெரிந்தவர்கள் செய்யும் வேலை இது.

மறுநாள் ஞாயிறு. விடிவதற்குள் எழுப்பிவிட்டார். போமோனா கண்காட்சி மைதானத்தில் ஸ்வாப் மீட், பழைய கார் சாமான் சந்தை. இருட்டில் ஆயிரக்கணக்கான டார்ச் வெளிச்சங்கள் தரையைத் துழாவிக்கொண்டு போகின்றன. வெளிச்சம் வந்தபிறகு வருகிறவனுக்கு மிச்சம்தான் கிடைக்கும் என்று பெரியவர் வேகவேகமாக நடந்தார். என் மச்சான் பின்னால் காபியைச் சிந்திக்கொண்டே வந்தார்.

ஒருவரிடம் பிளாட்ஹெட் வி8 எஞ்சினின் பிளாக் கிடந்தது. இந்த எஞ்சினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1932-ல் ஃபோர்டு சாமானியர் விலைக்குக் கொண்டுவந்த வி8 இது. எட்டு சிலிண்டரையும் ஒரே வார்ப்பில் ஊற்றியிருந்தார்கள். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். முந்தைய மாடல் ஏ-யின் நாலு சிலிண்டர் தந்தது 40. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில், பிளாக்கிற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். மேலே இருப்பது தட்டையான மூடி மட்டும். அதனால்தான் பிளாட்ஹெட் என்ற பெயர். அமெரிக்காவில் 1953 வரை கார்களில் வந்தது. இதன் நோய் சூடு. எரிந்த புகை வெளியே போகும் வழி, தண்ணீர் ஓடும் அறைகளின் ஊடாகவே பிளாக்கைக் குடைந்துகொண்டு போகிறது. ஒரு பக்கத்து நாலு சிலிண்டருக்கு மூன்றே வாசல். நடுவில் உள்ள இரண்டும் ஒரே வாசலைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அடுப்பைத் தண்ணீர்த் தொட்டிக்குள் கட்டிய மாதிரி.

பெரியவர் பேரம் பேசவில்லை. குந்தி உட்கார்ந்தார். பையிலிருந்து கம்பி பிரஷ், ஒரு துணி, பேனா டார்ச் மூன்றையும் எடுத்தார். வால்வு உட்காரும் வளையத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் குறுகிய மேட்டை மட்டும் எட்டு இடத்திலும் தேய்த்தார். ஏழாவது இடத்தில் கை நின்றது. என்னைக் குனியச் சொல்லி டார்ச்சைச் சரித்துப் பிடித்தார். நேராகப் பார்த்தபோது ஒன்றுமில்லை. வெளிச்சம் சரிந்ததும் கறுப்பாக ஒரு தலைமுடி ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தது. நகத்தால் தள்ளினேன். முடி நகரவில்லை.

"வெடிப்பு" என்றார். விற்பவர் வேறு பக்கம் பார்த்தார்.

வெடிப்பில்லாத பிளாக் கிடைத்தாலும், இரும்புத்தூளும் காந்தமும் வைத்துச் சோதிக்கும் பட்டறைக்குக் கொண்டுபோகாமல் அதில் ஒரு காசு செலவழிக்க மாட்டாராம். "பிறகு ஏன் இந்த எஞ்சினையே கட்டிக்கொண்டு அழ வேண்டும்? 1955-ல் வந்த செவ்ரோலே சின்ன வி8 மலிவு, வலு, சூடாகாது என்கிறார்களே?" என்று நான் படித்துவிட்டு வந்ததை எடுத்துவிட்டேன். "எல்லாம் உண்மை. ஆனால் சத்தம்?" என்றார். அதற்குமேல் விவாதமில்லை. என் கட்சி இன்னும் செவ்ரோலேதான். ஆனால் பணம் அவருடையது.

நானும் சும்மா வரவில்லை. ஸ்ட்ரோம்பர்க் கார்புரேட்டர் ஒன்று, உடம்பில் 97 என்று எண் புடைத்திருக்க, அழகாக உட்கார்ந்திருந்தது. உள்ளே காற்று போகும் தொண்டையின் குறுகலான அளவு 0.97 அங்குலம் என்பதால் அந்த எண். ஹாட் ராட்காரர்கள் இதை இரண்டு மூன்றாக வரிசையாய் வைப்பார்கள் என்று தெரியும். மேசையில் வைக்க ஆகும் என்று வாங்கிவிட்டேன். பெரியவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, அடித்தட்டு வளைந்திருப்பதைக் காட்டினார். "பேப்பர் மேலே வைப்பதற்குப் பரவாயில்லை, காற்று அடித்தால் நகராது."

திரும்பி வந்ததும் தரைக்கு வந்தோம். சேசிஸ் சட்டங்கள் இரண்டையும் ஸ்டாண்டின்மேல் கிடத்தி ரசமட்டம் வைத்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு முக்கியமான ஓட்டைகளின் நிழலையெல்லாம் தரையில் புள்ளியாகக் குறித்தார். புள்ளிகளை மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்தபோது ஒரு பக்கம் கால் அங்குலம் கூடுதல். எப்போதோ எதிலோ மோதிய சேசிஸ். வீடு கட்டும் கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான்.

அழகுக்காகப் பலரும் தேடுவது 1932-இன் சேசிஸை. அதன் பக்கவாட்டில் ஓடும் மடிப்புக்கோட்டுக்கு ஆசைப்பட்டு, மாடல் ஏ உடலை அதன்மேல் ஏற்றுவது பழைய வழக்கம். புதிதாகச் செய்தும் விற்கிறார்கள். பெரியவர் வேண்டாம் என்றதற்குக் காரணம் அழகு அல்ல, காகிதம். மாடல் ஏ-யில் எஞ்சின் எண்ணையே சேசிஸ் சட்டத்தின் மேல்பக்கத்திலும் அடித்திருக்கிறார்கள். உடலைத் தூக்கினால்தான் தெரியும். துருவைத் தேய்த்து அந்த எண்களைக் காட்டினார். கையிலிருக்கும் உரிமைப் பத்திரத்திலும் அதே எண். இங்கே அதைப் பிங்க் ஸ்லிப் என்கிறார்கள். சேசிஸ் மாறினால் அடையாளம் போய்விடும். பிறகு 'தனியாகக் கட்டப்பட்ட வாகனம்' என்று பதிவு செய்ய வேண்டும். அப்படிக் கட்டியவற்றில், பழைய மாடலின் ஜாடையை வைத்துப் புகைச் சோதனையில் சலுகை பெற, கலிஃபோர்னியாவில் ஆண்டுக்கு 500 வண்டிக்குத்தான் இடம். ஜனவரியில் வரிசை. "என் வயதில் வரிசையில் நிற்க முடியாது" என்றார். அதனால் மெல்லிய பழைய சட்டமே. திறந்த பள்ளமாக இருக்கும் அதன் உள்பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பற்றவைத்தால், 100 குதிரைத்திறன் எஞ்சினின் முறுக்கலைத் தாங்கும்.

"எஞ்சின் எங்கே உட்காரும்?" என்று கேட்டேன்.

"முதலில் நான் எங்கே உட்காருவேன் என்று கேளுங்கள்."

இளவயதில் கட்டிய முதல் வண்டியில் எஞ்சினை முதலில் பொருத்தினாராம். அப்புறம் கியர்பாக்ஸ், அப்புறம் ஸ்டியரிங். எல்லாம் முடித்து உட்கார்ந்தால் ஒரே ஷூவுக்குள் கிளட்ச்சும் பிரேக்கும் மாட்டின. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. ஒரு வருஷம் வெறுங்காலோடு ஓட்டிவிட்டு, குட்டையான ஒருவருக்கு விற்றார். அந்த ஞானத்தின் விளைவுதான் பால் பெட்டி. உட்காரும் உயரம், பெடலுக்கு எட்டும் தூரம், விளக்குமாற்றுக் கட்டையின் சாய்வு, இந்த மூன்றையும் தரையிலும் சுவரிலும் குறித்த பிறகே எஞ்சினுக்கு இடம். உடலைச் சேசிஸுக்குக் கீழே இறக்கிக் கட்டினால் வண்டி தாழ்ந்து பார்வையாக இருக்கும். ஆனால் தரையோடு கால் நீட்டி உட்கார வேண்டும், எழுந்திருக்க ஆள் வேண்டும். கூடாது என்று முழங்கால் சொல்லிவிட்டது. எஸ்-10 கியர்பாக்ஸ் வந்ததும் அதனால்தான். அதன் கியர் கம்பி மற்றவற்றைவிட முன்னால் தள்ளி முளைக்கிறது. சீட்டுக்குள் வந்து குத்தாது.

கியர்பாக்ஸ் புதிது என்றால் பின் ஆக்சிலும் மாற வேண்டும். 1948 வரை ஃபோர்டு, பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை ஒரு குழாய்க்குள் மூடி, அந்தக் குழாயையே ஆக்சிலோடு சேர்த்துப் பூட்டியிருந்தது. பிந்தைய காலத்துக் கியர்பாக்ஸ் திறந்த தண்டுக்குச் செய்யப்பட்டது. அதனால் மேவரிக் ஆக்சில். அகலம் அநேகமாகச் சரி. அங்கேதான் நான் ஒரு கண்டுபிடிப்பு நடத்தினேன். முன் டிரம்மிலும் பின் ஆக்சிலிலும் ஐந்தைந்து போல்ட். ஆனால் பின்னால் உள்ள வட்டம் சின்னதாகத் தெரிகிறதே என்றேன். பெரியவர் இன்ச் டேப்பை என் கையிலேயே கொடுத்தார். முன்னால் ஐந்தரை அங்குல வட்டம், பின்னால் நாலரை. ஃபோர்டு 1949-ல் மாற்றிய அளவு. அப்படியே விட்டால் முன்சக்கரம் பின்னால் ஏறாது, பின்சக்கரம் முன்னால் ஏறாது.

"நல்ல கண்" என்றார். பாராட்டு என்று நினைத்தேன். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். மூன்று மாதத்துக்கு முன்பே எழுதி, 'பின் ஆக்சிலில் புது ஓட்டை, ஐந்தரை' என்று அடிக்கோடும் போட்டிருந்தார்.

நோட்டில் இன்னும் இருந்தன. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் காலடிக்குக் கீழே, சக்கரத்தில் உள்ள பிரேக் சிலிண்டரைவிடத் தாழ்வாக வருகிறது; ஆயில் திரும்பிப் பின்வாங்காமல் டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ அழுத்தம் காக்கும் வால்வு தேவை. மாடல் ஏ-யின் பெட்ரோல் டேங்க் ஓட்டுபவரின் முழங்காலுக்கு நேர் மேலே இருக்கிறது, உடலின் மேல்தகடே டேங்கின் மூடி. அதை அடிவெட்டி வெறும் கூடாக்கிவிட்டுப் பின்னால் புது டேங்க். வெட்டுமுன் பலமுறை கழுவ வேண்டும் என்பதற்கு மூன்று ஆச்சரியக்குறி.

பிறகு டயர். ஒரு பற்று வைக்கும் முன்பே நாலு டயரும் வாங்கிக் காற்றடித்து வைத்துவிட்டார். முன்னால் சிறிது, பின்னால் பெரிது. எனக்கு இது தலைகீழ் வேலையாகப் பட்டது. சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது இல்லையா, கையை விட்டாலும் நேராகப் போக? காரின் முன்சக்கரம் திரும்பும் அச்சுக்கும் அந்தச் சாய்வு வேண்டும். இந்த மாதிரி வண்டிக்கு ஆறேழு டிகிரி. வண்டியை மட்டமாக வைத்துச் சாய்வைப் பற்றவைத்துவிட்டு, பிறகு பின்னால் பெரிய டயரை மாட்டினால் மூக்கு குனியும். சாய்வில் ஒன்றிரண்டு டிகிரி ஓடிப்போகும். வேகத்தில் ஸ்டியரிங் அலையும். அதனால் டயர் முதலில், வெல்டிங் கடைசியில்.

கடைசியாக ஒரு மஞ்சள் நூல். முன்சக்கர இரும்பு வளையத்தின் அடிவிளிம்பில் ஒரு முனையைக் கட்டி, எதிர்ச்சக்கரத்தின் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு இழுத்தார். மறுபக்கமும் அதேபோல். குறுக்கே ஒரு பெருக்கல் குறி. இந்த நூலுக்குக் கீழே வண்டியின் எந்த உறுப்பும் தொங்கக் கூடாது. ஓடும்போது டயர் வெடித்தால் வண்டி இரும்பு வளையத்தின்மேல் இறங்கும். அப்போது தாழத் தொங்கும் ஸ்டியரிங் கையோ ஆயில் தொட்டியோ ரோட்டைக் குத்தினால் கதை முடிந்தது. பத்திரிகைப் படங்களில் தரையைத் தொடுகிறாற்போல் நிற்கும் வண்டிகளை நினைத்துக்கொண்டேன். எத்தனை பேர் நூல் கட்டிப் பார்த்திருப்பார்கள்?

என்னைப் பால் பெட்டியில் உட்காரச் சொன்னார். கட்டையைப் பிடித்துக்கொண்டேன். பெடலுக்குக் கால் எட்டியது. இடது முழங்கால் மட்டும், கதவின் உள்தகடு வரும் கோட்டைத் தாண்டி வெளியே போயிற்று. அவர் தன் இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவருக்கும் அப்படித்தான், கொஞ்சம் குறைவாக. யோசித்துவிட்டு, துணியை நனைத்து ஸ்டியரிங் புள்ளியை அழித்தார். ஒன்றரை அங்குலம் நடுவே தள்ளிப் புதிதாகப் போட்டார். அதோடு கிளட்ச்சும் நகர்ந்தது. கிளட்ச் நகர்ந்ததும் எஞ்சின் கோட்டில் இடித்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வருத்தமெல்லாம் இல்லை, முகத்தில் சந்தோஷம்தான் தெரிந்தது. சாக்பீஸில் இடித்தால் செலவு ஒன்றுமில்லை.

மணி ஐந்தரை ஆகியிருந்தது. வாசலில் ஹாரன். அவருடைய மனைவி வேலையிலிருந்து வந்துவிட்டார். பெரியவர் பால் பெட்டியையும் கட்டையையும் ஓரத்தில் வைத்தார், நூலைச் சுருட்டினார், ஸ்டாண்டுகளைச் சுவரோரம் தள்ளினார். நானும் மச்சானும் சேசிஸைத் தூக்கிச் சாய்த்தோம். அந்த அம்மா தன் டொயோட்டாவை, கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து, ரோட்ஸ்டரின் சட்டக் கோடுகள் இரண்டும் டயர்களுக்கு நடுவில் வரும்படி சரியாக நிறுத்தினார்.